மண்டபம் ஞாயித்துக்கிழமை கிளாஸ்: பத்து வாரம் போயிட்டு வந்து எழுதுற ரிவ்யூ

ரெண்டு மாசமா ஆளாளுக்கு மெசேஜ் போட்டு கேட்டுட்டே இருக்கீங்க, சொந்தமா யோசிச்சு எடை போடப் பழக்குற அந்த ஞாயித்துக்கிழமை கிளாஸ் எப்படி இருந்துச்சு, காசு குடுத்து போற அளவுக்கு இருக்கா, காலேஜ் மார்க்குக்கு எதும் ஆகுமான்னு. தனித்தனியா டைப் பண்றத விட ஒரே எடத்துல முழுசா எழுதிடுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க, எனக்கு இது முக்கியமான விஷயம்.

நான் தங்கச்சிமடம், பி.காம் மூணாவது வருஷம். அப்பா விசைப்படகுல போறவர். கிளாஸ் மே மாசம் முதல் ஞாயிறு ஆரம்பிச்சது, அப்ப மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கரையில தான் கெடக்கும், வீட்டுல காசு பொழங்காத நேரம். ஃபீஸ் 1,800 ரூபா. மூணு தவணையா குடுக்கலாம்னு சொன்னதால தான் அம்மா ஒத்துக்கிட்டாங்க, கடைசித் தவணைய அப்பா திரும்ப கடலுக்குப் போன பெறகு தான் கட்டுனேன், நடுவுல ஒரு தடவ கூட அவங்க கேக்கல.

நடத்துறது ரெண்டு பேர். காலேஜ்ல லாஜிக் சொல்லிக்குடுத்து ரிட்டயர் ஆன ஒரு சார், கடல் உயிரியல் படிச்ச ஒரு அக்கா. பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. எடம் மண்டபம் ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரத்துல ஒரு டியூஷன் சென்டர் மாடி, காலைல 10ல இருந்து 1 மணி வரைக்கும், காலேஜ் படிக்கிறவங்களுக்கு மட்டும். எங்க பேட்ச்ல 28 பேர், பாம்பன், உச்சிப்புளி, தேவிபட்டினம், கீழக்கரைன்னு பல ஊர்ல இருந்து வந்தாங்க.

ஏன் சேந்தேன்னா, எங்க காலேஜ்லயே போன வருஷம் கிரிட்டிக்கல் திங்கிங்னு, அதாவது எதையும் அப்படியே நம்பாம எடை போட்டுப் பாக்குறதுக்கு, ஒரு கோர்ஸ் வச்சாங்க. 30 மணி நேரம்னு கணக்கு, ஸ்லைடு போட்டு வாசிச்சாங்க, பொருள் புரிஞ்சுக்கிறது, பிரிச்சுப் பாக்குறது, எடை போடுறது, முடிவுக்கு வர்றது, விளக்குறது, தன்னையே திருத்திக்கிறதுன்னு ஆறு திறமையோட பேர எழுதிக்கிட்டோம், கடைசில டிக் அடிக்கிற டெஸ்ட், சர்டிஃபிகேட். அந்த ஆறும் 1990ல அமெரிக்காவுல 46 நிபுணர்கள் பேசி முடிவு பண்ண பட்டியல்னு இங்க வந்து தான் தெரிஞ்சுது, பட்டியல் நல்ல பட்டியல் தான், ஆனா நாங்க அந்த ஆறுல ஒண்ணக் கூட செஞ்சு பாக்கல. நம்ம கேள்வித்தாள்லயும் ஓரத்துல கே1, கே2ன்னு ஆரம்பிச்சு கே6 வரைக்கும் போட்டிருப்பாங்க பாத்திருப்பீங்க, ப்ளூம்னு ஒரு அமெரிக்க கல்வியாளர் 1956ல கொண்டு வந்த படிநிலை அது, ஞாபகம் வச்சுக்கிறதுல ஆரம்பிச்சு, மேல போகப் போக சொந்தமா யோசிக்க வேண்டியது கூடும். ஆனா கே4 கேள்விக்கும் கே5 கேள்விக்கும் நாம நோட்ஸ்ல இருக்கிற அதே பதில தான் எழுதுறோம், மார்க்கும் விழுது. இத நெனச்சு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம், மூணு வருஷம் படிச்சு முடிக்கப் போறேன், சொந்தமா ஒரு விஷயத்த எடை போடத் தெரியலன்னா இந்த டிகிரி எதுக்குன்னு.

முதல் நாள் சார் போர்டுல நாலு அட்டை வரைஞ்சார். அ, க, 4, 7. ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு பக்கம் எழுத்து, மறு பக்கம் எண். விதி என்னன்னா, ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தா மறு பக்கம் இரட்டைப்படை எண் இருக்கணும். இந்த விதி உண்மையான்னு பாக்க எந்தெந்த அட்டைய கட்டாயம் திருப்பணும்? கிட்டத்தட்ட எல்லாரும் அ, 4ன்னு சொன்னோம். தப்பு. அ, 7 தான். 4க்குப் பின்னாடி எந்த எழுத்து இருந்தாலும் விதி ஒடையாது, 7க்குப் பின்னாடி உயிரெழுத்து இருந்தா தான் ஒடையும். நாம ஒரு விஷயத்த உண்மைன்னு காட்டுற எடத்தையே தேடிப் போறோம், பொய்யின்னு காட்டக்கூடிய எடத்துப் பக்கம் போறதே இல்ல. பீட்டர் வேசன்னு இங்கிலாந்துல ஒரு உளவியலாளர் 1966ல போட்ட புதிர், அங்கயும் காலேஜ் பசங்கள்ல பத்துல ஒருத்தர் சரியா சொன்னா பெரிசு.

அப்புறம் சார் அத அழிச்சுட்டு வேற நாலு அட்டை எழுதினார். கடலுக்குப் போன போட்டு, போகாத போட்டு, டோக்கன் வாங்குன போட்டு, டோக்கன் வாங்காத போட்டு. விதி, கடலுக்குப் போனா டோக்கன், அதாவது மீன்துறை அனுமதிச் சீட்டு, வாங்கிருக்கணும். நீ ஆபீசர், எத செக் பண்ணுவ? ஒரு நொடி ஆகல, போன போட்டும் டோக்கன் வாங்காத போட்டும்னு மொத்த ரூமும் கத்துச்சு. கணக்கு ரெண்டும் ஒண்ணே தான்! எனக்கு ஒடம்பு சிலிர்த்துருச்சு, நெசமா. அமெரிக்காவுல கிரிக்ஸ், காக்ஸ்னு ரெண்டு பேர் 1982ல பீர் குடிக்கிற வயசு விதிய வச்சு இதையே செஞ்சு பாத்தப்ப முக்கால்வாசி பேர் சரியா சொல்லிருக்காங்க. அதாவது நமக்கு மூளை இல்லாம இல்ல, பழகுன எடத்துல நல்லாவே ஓடுது, பழகாத எடத்துல வழுக்குது.

கிளாஸ் நல்லா இருந்ததுக்குக் காரணமும் இதே தான்னு நெனைக்கிறேன். ஏன்னா ரெண்டாவது வாரமும் மூணாவது வாரமும் வெறும் லாஜிக் பேரு, எல்லா மனுசனும் சாவான் மாதிரி வாக்கியம், தப்பான வாதத்துக்கெல்லாம் ஒரு பட்டியல், அதுல நான் தூங்காத கொறை. நாலாவது வாரம் நம்ம கடக்கரை விஷயம் உள்ள வந்த பெறகு தான் சூடு புடிச்சுது. இத நான் அக்காட்ட நேராவே சொன்னேன், அவங்க கோவப்படல, கனடாவுல ஆப்ராமின்னு ஒரு பேராசிரியரும் கூட இருந்தவங்களும் 2015ல நூத்துக்கணக்கான ஆய்வு முடிவுகள சேத்துப் பாத்து, பேசி விவாதிக்கிறதும் நெசப் பிரச்சனைய கையில குடுக்குறதும் கூட ஒருத்தர் இருந்து வழிகாட்டுறதும் சேந்தா தான் நல்லா பலன் வருதுன்னு எழுதிருக்காங்க, நீ சொல்றது சரி தான்னாங்க. அடுத்த பேட்ச்ல முதல் வாரத்துல இருந்தே கடக்கரை விஷயத்த வைக்கப் போறதாவும் சொன்னாங்க.

சரி, கடக்கரை விஷயம்னா என்ன. ஒரு வாரம் மிதக்கும் கல். ராமேஸ்வரத்துல தொட்டித் தண்ணில மிதக்க விட்டு வச்சிருப்பாங்கல்ல, அது. அக்கா ஒரு வாளி தண்ணி, ஃபேன்சி ஸ்டோர்ல விக்கிற கால் தேய்க்கிற எரிமலைக் கல், ஒரு செங்கத் துண்டு எல்லாம் கொண்டு வந்தாங்க. பவளப்பாறைத் துண்டும் வேணும்னு ஒருத்தன் கேட்டான், அத கரையில செத்துக் கெடந்தாலும் எடுத்துட்டு வரக்கூடாது, வனவிலங்குச் சட்டத்துல 2001ல இருந்து இருக்குன்னு போட்டோ மட்டும் காட்டுனாங்க. மிதக்குறதுக்கு என்னென்ன காரணம் இருக்கலாம்னு எல்லாத்தையும் எழுதச் சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல, இது தப்புன்னா நமக்கு எப்படித் தெரியும்னு எழுதச் சொன்னாங்க. உள்ள காத்தறை இருந்தா மிதக்கும்னா, அத ஒடச்சுப் பொடியாக்குனா மூழ்கணும். ஒடச்சோம், பெரும்பாலும் அடியில போச்சு. 1883ல கிரகடோவா எரிமலை வெடிச்சப்ப வந்த கல்லு இந்தியப் பெருங்கடல் முழுக்க மிதந்து ஆப்பிரிக்கா கரை வரைக்கும் போயிருக்கு. எனக்குப் பிடிச்சது என்னன்னா, ஒரு பொண்ணு கண்ணு கலங்கி அப்ப எங்க அப்பத்தா கும்பிடுறது பொய்யான்னு கேட்டப்ப, சார் உக்காந்து பொறுமையா, கல்லு ஏன் மிதக்குதுங்கிறது சோதிச்சுப் பாக்குற கேள்வி, அப்பத்தா ஏன் கும்பிடுறாங்கங்கிறது வேற கேள்வி, முதல் கேள்விக்கு வந்த பதில எடுத்து ரெண்டாவது மேல எறியாதன்னார். யாரு மனசும் புண்படல, அதே நேரம் விஷயத்தையும் மழுப்பல.

புயல் மெசேஜ் வச்சு ஒரு வாரம். 2024 நவம்பர் 20 மழைய நாம யாரும் மறக்க மாட்டோம், ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அதுல இருந்து வானம் லேசா இருட்டுனாலே குடும்ப குரூப்ல பாம்பன்ல 10ஆம் நம்பர் கூண்டுன்னு யாராச்சும் போட்டோ அனுப்பிடுறாங்க. அக்கா அது மாதிரி நாலு மெசேஜ போனுக்கு அனுப்பி அஞ்சு நிமிஷம் டைம் குடுத்தாங்க. நாங்க எல்லாரும் அந்த மெசேஜையே திரும்பத் திரும்ப படிச்சோம், எழுத்துப் பிழை இருக்கா, லோகோ இருக்கா, பாக்க நெசம் மாதிரி இருக்கான்னு. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில செஞ்ச ஆய்வுல வரலாற்றுப் பேராசிரியர்களே இப்படித் தான் ஏமாந்திருக்காங்க, செய்தி சரிபாக்குறதையே தொழிலா வச்சிருக்கிறவங்க மட்டும் அந்தப் பக்கத்துலயே நிக்காம உடனே வெளிய போயி, இத வேற யாரு சொல்றா, இவன் யாருன்னு தேடிருக்காங்க. நாங்களும் வானிலை மைய வெப்சைட்டுக்குப் போயி பாத்தோம், ஒரு போட்டோ வேற மாநிலத்துல எடுத்த பழைய படம். பத்தாம் நம்பர்னா கடும் புயல் துறைமுகத்து மேலயே இல்ல பக்கத்துலயே கடக்கப் போகுதுன்னு அர்த்தம், அது ஏறிருந்தா கரையே காலியாயிருக்கும், நாம குரூப்ல பாத்து தெரிஞ்சுக்க மாட்டோம்.

இனி எனக்கு ரொம்ப முக்கியமான வாரத்துக்கு வரேன். வீட்டுப் பாடமா, வீட்டுல பெரியவங்க எடுத்த ஒரு முடிவப் பத்தி கேட்டு, நோட்டுல மூணு கட்டம் போட்டு, பாத்தது, கேட்டது, நெனச்சதுன்னு பிரிச்சு எழுதணும்னாங்க. அப்பா தடைக்காலத்துல வலை பின்னிட்டு வீட்டுல தான் இருந்தார். ஒரு தடவ வலைய போடாமலே பாதியில திரும்பி வந்தீங்களேப்பா, அம்மா டீசல் காசு போச்சுன்னு சண்ட போட்டாங்களே, அன்னைக்கு ஏன்னு கேட்டேன். மொதல்ல அதெல்லாம் ஒனக்கு எதுக்குத்தான்னார். விடாம கேட்டேன். தண்ணி கலங்கி இருந்துச்சு, நீவாடு (கடல் நீரோட்டம்) வழக்கத்துக்கு மாறா இழுத்துச்சு, இது பாத்தது. வயர்லெஸ்ல இன்னொரு போட்டுக்காரர் காத்து ஏறுது திரும்புங்கன்னார், இது கேட்டது. இன்னும் ரெண்டு மணி நேரத்துல நமக்கும் வரும், இது நெனச்சது. அப்ப நான் கிளாஸ்ல சொல்லிக்குடுத்த கேள்விய கேட்டேன், எது வேற மாதிரி இருந்திருந்தா நீங்க திரும்பாம இருந்திருப்பீங்கன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சொன்னார், "சொன்னவன் எங்களுக்குத் தெக்க நின்னான், காத்து அங்கிட்டு இருந்து தான் வந்துச்சு, அதனால அவனுக்கு வந்தது எங்களுக்கும் வரும். அவனே வடக்க நின்னு சொல்லிருந்தா, நான் இன்னும் ஒரு மணி நேரம் பாத்திருப்பேன்."

அப்பா அஞ்சாம் வகுப்பு. சொன்னது யாரு, அவன் எங்க நிக்கிறான், அவனுக்குத் தெரியிறதுக்கு வழி இருக்கா, இத எல்லாம் நடுக்கடல்ல நின்னுக்கிட்டு எடை போட்டிருக்கார். நான் எழுதுனத சார் கிளாஸ்ல வாசிச்சுக் காட்டுனப்ப தொண்ட அடச்சிருச்சு. இருவது வருஷமா ஒரே வீட்டுல இருந்தும் நான் இப்படி ஒரு கேள்விய அவர்கிட்ட கேட்டதே இல்ல. பாம்பன்ல இருந்து வந்த பொண்ணு அவங்க அம்மாச்சிட்ட 1964 புயலப் பத்தி கேட்டு எழுதிருந்தா, கடலோட போன தனுஷ்கோடி ரயில்ல செத்தவங்க 110 பயணி, 5 ஊழியர், மொத்தம் 115ங்கிறது ஒரு கணக்கு, டிக்கெட் இல்லாம ஏறுனவங்கள சேத்தா கூடங்கிறது அம்மாச்சி கேட்டது, ரெண்டையும் ஒரே கட்டத்துல போடாம பிரிச்சு வச்சிருந்தா, அதுவும் அருமையா இருந்துச்சு.

இன்னொரு வாரம் நம்ம பக்கத்துக் கடல்பாசி வளர்ப்பு நல்லதா கெட்டதான்னு விவாதம், அதுல தான் எனக்கு கொறை இருக்கு. மூங்கில் தெப்பத்துல வளக்குற அந்தப் பாசி வெளிநாட்டு இனம், குருசடைத் தீவு பக்கம் பவளப்பாறை மேல படர்ந்திருக்குன்னு 2008ல ஆய்வாளர்கள் எழுதிருக்காங்க, இது ஒரு பக்கம். நம்ம பொம்பளைங்களுக்கு 45 நாளைக்கு ஒரு தடவ கைக்கு வர்ற காசு இன்னொரு பக்கம். பவளம் அழிஞ்சதுக்கு 2010, 2016 வெப்பத்துல வெளுத்துப் போனது, முன்னாடி சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததுன்னு வேற காரணமும் இருக்கு. இத சார்ட் பேப்பர்ல மேல முடிவு, கீழ காரணம், காரணத்துக்கு எதிர்க் காரணம்னு கோடு போட்டு வரைஞ்சது நல்ல வேலை, எந்தக் காரணம் எது மேல நிக்குதுன்னு கண்ணுக்கே தெரிஞ்சுது. ஆனா அதோட நிறுத்திருக்கணும். ரெண்டு அணியா பிரிச்சு பட்டிமன்றம் மாதிரி பேச விட்டாங்க, சத்தமா பேசுற நாலு பசங்க மேடைய புடிச்சுக்கிட்டாங்க, அம்மா பாசி வளக்குற ஒரு பொண்ணு வாயவே தொறக்கல, அன்னைக்கு யோசிச்சவங்கள விட ஜெயிக்க நெனச்சவங்க தான் அதிகம். அடுத்த வாரம் சார் இத மாத்தி, எதிரணி சொல்றத அவங்களே ஆமான்னு தலையாட்டுற மாதிரி மொதல்ல சொல்லிக் காட்டுனா தான் பதில் சொல்லலாம்னு விதி போட்டார். அது முதல் நாளே இருந்திருக்கணும்.

எங்க வீட்டுக்கு நேரா ஒதவுனது எங்க சித்தப்பா மகன் விஷயத்துல. டிகிரிய பாதியில விட்டுட்டு துபாய் போறேன், ஏஜென்ட் 80,000 ரூபா கேக்குறார்னு நின்னான். போனவன் எல்லாம் வீடு கட்டிட்டான் பாருங்கங்கிறது அவன் வாதம். ரெண்டாம் உலகப் போர்ல ஆப்ரகாம் வால்டுன்னு ஒரு கணித மேதை, குண்டடி பட்டுத் திரும்பி வந்த விமானத்த மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, திரும்பாத விமானம் எங்க அடி வாங்குச்சுன்னு யோசிங்கன்னு சொன்னத கிளாஸ்ல படிச்சிருந்தேன். நம்ம தெருவுலயும் கட்டுன வீடு கண்ணுக்குத் தெரியும், ஆறு மாசத்துல திரும்பி வந்தவங்க அதப் பத்தி பேசவே மாட்டாங்க, வட்டி கட்டுறவங்க வெளிய சொல்ல மாட்டாங்க. தெருவுல போனவங்க எல்லாரையும் ரெண்டு பேரும் உக்காந்து பேரு பேரா எழுதினோம், அவனே எழுதினான். நான் போகாதன்னு ஒரு வார்த்த சொல்லல. அப்புறம் வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களுக்காக மத்திய அரசு வச்சிருக்கிற இ-மைக்ரேட் தளத்துல அந்த ஏஜென்ட் பதிவு பண்ணவரான்னு தேடினோம், பேரே இல்ல. பதிவு பண்ணவங்களே சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும் தான் வாங்கலாம். பணம் குடுக்கல. படிப்ப முடிச்சுட்டு பதிவு உள்ள எடமா பாத்து போறதா இருக்கான், போகட்டும்.

மத்த கொறை எல்லாத்தையும் சொல்லிடுறேன். 28 பேர் அந்த ரூமுக்கு அதிகம், கச்சான் காத்து நின்ன அன்னைக்கு வேர்த்து ஊத்துது, ரெண்டு ஃபேன் போதல. பாத்ரூம் கீழ ஒண்ணே ஒண்ணு தான், பொண்ணுங்களுக்குத் தனியா இல்ல, இத உடனே சரி பண்ணணும், இதனாலயே ஒரு பொண்ணு நின்னுட்டா. ஹேண்டவுட் பாதி இங்கிலீஷ்ல இருக்கு, வாயால தமிழ்ல அருமையா விளக்குறாங்க, ஆனா வீட்டுக்குப் போயி படிக்கிறப்ப தமிழ் மீடியத்துல வந்தவங்க தடுமாறுறாங்க. எழுதிக் குடுத்த பாடத்த திருத்தித் தர மூணு வாரம் ஆச்சு, அதுக்குள்ள நான் என்ன எழுதினேங்கிறதே மறந்து போச்சு. பெரிய கொறை, பத்து வாரம் முடிஞ்சதும் அப்படியே முடிஞ்சிருது. நானே இப்ப ஒரு மாசத்துல பழைய மாதிரி மெசேஜ் பாத்ததும் ஃபார்வர்டு பண்ணப் போயி கைய நிறுத்திருக்கேன். மாசத்துக்கு ஒரு ஞாயிறு பழைய பசங்க கூடுற மாதிரி வச்சா நல்லாருக்கும், கேட்டிருக்கேன்.

மார்க்கு கூடுமான்னு கேட்டவங்களுக்கு, எனக்குக் கூடல. இன்டர்னல்ல ஒரு பதில சொந்தமா காரணம் போட்டு எழுதினேன், மார்க்கு கொறஞ்சுது, ஆனா மேடம்ட்ட போயி எந்த எடத்துல என் காரணம் நிக்கலன்னு கேட்டேன், அவங்க பத்து நிமிஷம் உக்காந்து பேசுனாங்க, மூணு வருஷத்துல அதான் முதல் தடவ.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். முதல் வருஷமோ ரெண்டாவது வருஷமோ படிக்கிறவங்க போங்க, என்ன மாதிரி கடைசி வருஷம் வரைக்கும் காத்திருக்காதீங்க. கவர்மென்ட் பரிட்சைக்கு ரீசனிங் ஷார்ட்கட் கெடைக்கும்னு நெனச்சுப் போகாதீங்க, அது இங்க இல்ல. அடுத்த பேட்ச் பொங்கல் முடிஞ்சு ரெண்டாவது ஞாயிறு ஆரம்பிக்குது, இந்தத் தடவ 20 பேர் மட்டும் தான் எடுக்குறாங்களாம். ராம்நாட்ல இருந்து வர்றவங்க வெள்ளன எட்டே முக்காலுக்கு முன்னாடி ராமேஸ்வரம் பஸ் ஏறிடுங்க, மண்டபம் வர ஒரு மணி நேரம் ஆகும். கோடு போடாத பெரிய நோட்டு ஒண்ணு வாங்கிக்கோங்க, மூணு கட்டம் போட சின்ன நோட்டு பத்தாது.